வெளிநாட்டுப் பயணத்தில் பாலியல் வன்முறை: கிளம்பும் முன் செய்ய வேண்டியதும், நடந்துவிட்டால் செய்ய வேண்டியதும்

பாலியல் வன்முறைக்குப் பொறுப்பு அதைச் செய்தவர் மட்டுமே. கீழே உள்ள படிகளில் எதை நீங்கள் விட்டிருந்தாலும் அது மாறாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பாதுகாப்புக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனவர்களே பிறகு 'நான்தான் கவனமாக இல்லை' என்று தங்களை நொந்துகொண்டு, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதல்முறை வெளிநாடு போகிறவர்களோடு உட்கார்ந்து இந்தத் தயாரிப்பைச் செய்தால், பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: விசில், பெப்பர் ஸ்பிரே, இருட்டிய பின் வெளியே போகாமல் இருப்பது. 'நடந்துவிட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. மருந்துக்கும் தடயத்துக்கும் மணிக்கணக்கில் கெடு உண்டு. புரியாத மொழியில், அதிர்ச்சியில் இருக்கும்போது இவற்றைத் தேட முடியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஆண்கள், பெண்கள், திருநர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. டிக்கெட் எடுக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

போகும் நாட்டில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருமணத்துக்கு வெளியே உடலுறவு அங்கே குற்றமா? ஒரே பாலினத்தவர் உறவு குற்றமா? ஆண் மீது நடக்கும் வன்புணர்வைச் சட்டம் குற்றமாக ஏற்கிறதா?

இதை முதல் படியாக வைக்கக் காரணம், நடந்த பிறகு யாரிடம் முதலில் பேசுவது என்பதை இதுதான் தீர்மானிக்கும். கத்தார் போன்ற சில நாடுகளில் திருமணத்துக்கு வெளியே உடலுறவு குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் சம்மதம் இல்லை என்பதை நிரூபிக்க முடியாமல் போனால், புகார் கொடுத்தவரே சட்டச் சிக்கலில் மாட்டும் ஆபத்து உண்டு. அங்கே போலீஸிடம் போவதற்கு முன்பே தூதரகத்திடமோ வழக்கறிஞரிடமோ பேச வேண்டியிருக்கும்.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா அரசுகள் நாடு வாரியாகப் பயண அறிவுரைப் பக்கங்களை வைத்திருக்கின்றன. எந்த நாட்டவரும் படிக்கலாம். பிரிட்டன் அரசு பல நாடுகளுக்கு, அங்கே பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்ன செய்யலாம் என்ற தனிக் குறிப்பையே வெளியிட்டிருக்கிறது. உங்கள் நாட்டுத் தூதரக எண்ணை மட்டும் அதில் மாற்றிக்கொண்டால் போதும்.

பெப்பர் ஸ்பிரேயையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. பல நாடுகளில் அதை வைத்திருந்ததற்காக நீங்களே கைதாகலாம். சட்டம் அனுமதிக்கிற நாடு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எடுத்துப் போகாதீர்கள்.

2. ஒரு பக்கத் தாளைத் தயார் செய்யுங்கள்

மொத்தத் தயாரிப்பிலும் ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஊருக்கு ஒரு தாள். கீழ்க்கண்டவை அதில் இருக்க வேண்டும்.

அவசர எண்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. இரண்டும் தனித்தனி எண்களாக உள்ள நாடுகளில் இரண்டையும் எழுதுங்கள்.

மருத்துவமனை: பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதித்துத் தடயம் எடுக்கும் வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. சில நாடுகளில் இதற்கென்றே மையங்கள் உண்டு. பிரிட்டனில் இவற்றை 'சார்க்' (SARC) என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் துதுசேலா மையங்கள், தென்கொரியாவில் சூரியகாந்தி மையங்கள். ஜப்பானில் #8891 என்று அழைத்தால் அருகில் உள்ள உதவி மையத்துக்கு இணைப்பார்கள். அப்படி ஒன்று இல்லாத ஊரில், 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூதரகம்: அலுவலக நேர எண் மட்டும் போதாது. அலுவலகம் மூடிய பின் அழைக்கும் அவசர எண் தனியாக இருக்கும். அதைத் தேடி எடுங்கள். உங்கள் நாட்டுக்கு அங்கே தூதரகமே இல்லையென்றால், எந்த நாட்டில் உள்ள உங்கள் தூதரகம் அந்த இடத்தைக் கவனிக்கிறது என்று பாருங்கள்.

காப்பீடு: பாலிசி எண், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண்.

வாக்கியங்கள்: 'எனக்கு டாக்டர் வேண்டும்', 'பாலியல் தாக்குதல் நடந்தது', 'பெண் டாக்டர் வேண்டும்', 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்', 'என் தூதரகத்தோடு பேச வேண்டும்'. இவற்றை அந்த ஊர் மொழியில், அந்த ஊர் எழுத்திலேயே எழுதி வையுங்கள். பேச வராத நிலையில் தாளை நீட்டினால் போதும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் போனில் மட்டும் வைத்திருப்பது. தாக்குதலோடு போனும் பறிபோகலாம், சார்ஜ் தீரலாம். அச்செடுத்த பிரதி ஒன்று உடம்போடு இருக்கட்டும், பையில் வேண்டாம். இன்னொரு பிரதி வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும்.

3. மருந்து, தடுப்பூசி, காப்பீடு

உடலுறவு வழியாகவும் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வழக்கமான அட்டவணையில் மூன்று டோஸ் முடிய 6 மாதம் ஆகும். நேரம் இல்லையென்றால் 0, 7, 21ஆம் நாட்களில் போட்டு ஓர் ஆண்டில் கூடுதல் டோஸ் போடும் துரித அட்டவணையும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பம் தரிக்கக்கூடியவர்கள் அவசர கருத்தடை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. சில நாடுகளில் அது கடையில் கிடைக்காது, சில இடங்களில் மருந்துச் சீட்டு கேட்பார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராமை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். யுலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் 120 மணி நேரம் வரை பயன் தரும். மாத்திரை எடுத்து 2-3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டு வேளைக்கு வைத்திருங்கள். வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையின் பலன் குறையலாம். கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நாட்டுக்குள் இந்த மருந்தைக் கொண்டுபோகலாமா என்பதையும் முதல் படியிலேயே சரிபார்த்திருக்க வேண்டும்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு. மது அருந்தியிருந்தால் பணம் தர மறுக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. பயணத்தைப் பாதியில் முடித்துத் திரும்பும் செலவு எல்லாவற்றிலும் இருக்காது. இந்த இரண்டையும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

4. வீட்டில் ஒருவரோடு ஏற்பாடு

'அடிக்கடி பேசுகிறேன்' என்பது ஏற்பாடு ஆகாது. எந்த நேரத்துக்குச் செய்தி வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகு முதலில் யாரை அழைக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் பத்து நிமிடத்தில் பதறுவார், அல்லது இரண்டு நாள் சும்மா இருந்துவிடுவார்.

ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது சாதாரணமாகப் பேசுவது போலவே உதவி கேட்க அது உதவும். அந்தச் சொல் வந்தால் அவர் உடனே உங்களை அழைத்து, நீங்கள் அங்கிருந்து கிளம்ப ஒரு சாக்கு தர வேண்டும்.

இந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் சறுக்குகிறார்கள். அம்மா அப்பாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நடந்த பிறகு அவர்களிடம் சொல்லத் தயங்கி, யாரிடமுமே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். எதைச் சொன்னாலும் 'ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காத ஒருவர் வேண்டும். அது தோழியாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம்.

5. தங்குமிடமும் கிளம்பிப் போகும் பணமும்

முதல் இரவு தங்கும் இடத்துக்குப் பகலில் போய்ச் சேரும்படி பயணத்தை அமையுங்கள். அறை சரியில்லை, ஆள் சரியில்லை என்று தோன்றினால் மாற்றிக்கொள்ள வெளிச்சமும் நேரமும் இருக்கும்.

அறைக்குள் போனதும் உள்தாழ்ப்பாள், ஜன்னல், பக்கத்து அறைக்குத் திறக்கும் கதவு மூன்றையும் சோதியுங்கள். தாழ்ப்பாள் உறுதியாக இல்லாவிட்டால் கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு உதவும். வரவேற்பறையில் உங்கள் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேளுங்கள். இது நியாயமான கோரிக்கைதான், தயங்க வேண்டாம். கேட்காத பழுதுபார்ப்புக்கு யாராவது கதவைத் தட்டினால், திறக்கும் முன் வரவேற்பறைக்கு போன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: வேறு இடத்தில் ஓரிரவு தங்கவும் அங்கே போகவும் ஆகும் பணத்தைத் தனியாக வைத்திருங்கள். மற்றவரோடு பகிர்ந்த கணக்கில் அது இருக்கக் கூடாது. 'கிளம்பினால் எங்கே போவது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பலர் ஆபத்தான அறையிலேயே தங்கிவிடுகிறார்கள். வேலைக்கோ வீட்டு உதவிக்கோ போகிறவர்கள் பாஸ்போர்ட்டை முதலாளியிடமோ ஏஜென்டிடமோ கொடுத்துவைக்காதீர்கள். அதுவும் கிளம்பும் வழியை அடைப்பதுதான்.

6. வண்டி, விமானம், கப்பல்

செயலி மூலம் வண்டி அழைத்தால் வண்டி எண்ணைப் பார்த்து, 'யார் பெயரில் புக் ஆகியிருக்கிறது?' என்று டிரைவரைக் கேளுங்கள். உங்கள் பெயரை நீங்களே முதலில் சொன்னால் யார் வேண்டுமானாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம்.

விமானத்தில் யாராவது தொட்டால் சத்தமாகச் சொல்லுங்கள், ஊழியரை அழையுங்கள், வேறு இருக்கை கேளுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இறங்கும் இடத்தில் போலீஸ் காத்திருக்க விமானி தகவல் அனுப்ப வேண்டும் என்றும், சம்பவம் எழுத்தில் பதிவாக வேண்டும் என்றும் கேளுங்கள். 1963ஆம் ஆண்டு டோக்கியோ ஒப்பந்தப்படி விமானம் பதிவான நாட்டுக்கே வழக்கு அதிகாரம் இருந்தது. 2020இல் நடைமுறைக்கு வந்த மான்ட்ரியல் நெறிமுறை, அதை ஏற்ற நாடுகளுக்கிடையே, இறங்கும் நாட்டுக்கும் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் எல்லோரும் இறங்கிக் கலைந்துவிட்டால் எந்தச் சட்டமும் உதவாது. தாக்கியவரின் இருக்கை எண்ணையும் பக்கத்தில் இருந்தவர்களின் பெயரையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாக் கப்பல்களில், அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்கள் தடயம் எடுக்கும் கருவிகளையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கப்பல் மருத்துவரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

7. தெரிந்தவர்தான் பெரும்பாலும்

இருட்டுச் சந்தில் முகம் தெரியாத ஆள் என்ற படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் சக பயணி, வழிகாட்டி, வீட்டு உரிமையாளர், மசாஜ் செய்பவர், பயிற்சியாளர், மேலதிகாரி என்று ஓரளவு பழகியவர்களே பல சம்பவங்களில் இருக்கிறார்கள். குழுவிலிருந்து உங்களைத் தனியாகப் பிரிப்பது, சின்ன மறுப்பைச் சட்டை செய்யாமல் திரும்பத் திரும்பக் கேட்பது, 'எங்கள் ஊரில் இது சகஜம்' என்பது: இந்த மூன்றையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் வெளிநாட்டில் இன்னும் அதிகமாக இருக்கும். விருந்தாளியாகப் போன இடம், வழக்கம் தெரியாது, தப்பாக நினைத்துவிடுவார்கள். இந்தத் தயக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். 'வேண்டாம், நான் கிளம்புகிறேன்' என்ற ஒரு வரி போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொன்னால் அதை மறுத்துப் பேச ஆரம்பிப்பார்கள்.

மதுவைப் பற்றி ஒன்று. தாக்குதலில் அதிகம் பயன்படும் போதைப்பொருள் மதுவேதான். கண்ணெதிரே ஊற்றிய பானத்தைக் கையிலேயே வைத்திருங்கள். குடித்த அளவுக்கு மீறிய மயக்கம் வந்தால் தனியாகக் கழிவறைக்குப் போகாதீர்கள், தானாக வந்து உதவும் முதல் ஆளோடும் கிளம்பாதீர்கள். கடை ஊழியரிடமோ கூட வந்தவரிடமோ சொல்லி ஆம்புலன்ஸ் கேளுங்கள். உங்களோடு வந்த ஒருவர் இப்படித் தள்ளாடினால், அவரை யாரோடும் அனுப்பாமல் கூடவே இருங்கள்.

8. நடந்துவிட்டால்: முதல் 72 மணி நேரம்

அந்த நேரத்தில் உடம்பு உறைந்துபோகலாம். கத்தவும் முடியாது, தள்ளவும் முடியாது. இது உடம்பின் இயல்பான எதிர்வினை. போராடவில்லை என்பது சம்மதம் ஆகாது.

முதலில் பாதுகாப்பான இடம்: ஆள் நடமாட்டமுள்ள இடமாகவோ நம்பிக்கையானவரின் அறையாகவோ இருக்கட்டும். அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒருவருக்கு போன். உங்கள் தாளின் பிரதி அவரிடம் இருப்பதால் தூதரகத்தையும் காப்பீட்டையும் அவர் அழைத்துக்கொள்வார்.

அப்புறம் மருத்துவமனை. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய நாட்கள் எடுத்துக்கொள்ளலாம், மருத்துவத்துக்கு அந்த அவகாசம் இல்லை. பி.இ.பி. எனப்படும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசர கருத்தடையும் அங்கேயே கேட்கலாம். மாத்திரைக்குப் பதிலாக 5 நாட்களுக்குள் காப்பர் டி பொருத்துவதும் ஒரு வழி. பால்வினை நோய்களுக்கான மருந்து, தேவையானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டையும் கேளுங்கள்.

தடயத்துக்காக, முடிந்தவரை குளிக்காமல், பல் துலக்காமல், உடை மாற்றாமல் போங்கள். உடை மாற்றிவிட்டால் பழையதைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். மயக்க மருந்து சந்தேகம் இருந்தால் நேரம் இன்னும் குறைவு. ஜி.எச்.பி. என்ற மருந்து சுமார் 12 மணி நேரத்துக்குப் பிறகு சிறுநீரில் கூடத் தெரியாது. மருத்துவமனை போகும் வரை அடக்க முடியாவிட்டால், முதல் சிறுநீரைச் சுத்தமான மூடியுள்ள பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதிக் கொண்டுபோங்கள்.

இங்கே மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. குளித்துவிட்டோம், இனி பயனில்லை என்று போகாமல் இருப்பது. குளித்த பிறகும் தடயம் கிடைக்கலாம். மருந்துகளுக்கும் குளித்ததற்கும் சம்பந்தமே இல்லை. கட்டாயம் போங்கள்.

பரிசோதனைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நீங்கள் இதைப் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டுமா?' சில நாடுகளில் மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வயதுவந்தவர்கள் புகார் கொடுக்காமலேயே பரிசோதனை செய்துகொள்ளலாம். முதல் படியில் சொன்ன கடுமையான சட்டமுள்ள நாடு என்றால், இதைத் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்திகள், அழைப்புப் பட்டியல், படங்கள் எதையும் அழிக்காதீர்கள். நினைவில் இருப்பதை எழுதி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். தேதியும் நேரமும் அதில் பதிந்துவிடும். நினைவில் இல்லாத இடங்களை ஊகித்து நிரப்ப வேண்டாம், 'நினைவில்லை' என்றே எழுதுங்கள். ஊகம் பின்னால் முரண்பாடாகக் காட்டப்படும்.

9. போலீஸும் தூதரகமும்

தூதரகம் செய்யக்கூடியது: மருத்துவர், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் பட்டியல் தருவது, வீட்டுக்குத் தகவல் சொல்வது, பறிபோன பாஸ்போர்ட்டுக்கு அவசர ஆவணம் தருவது, உள்ளூர் நடைமுறையை விளக்குவது. வழக்கை விசாரிக்கவோ வழக்கறிஞர் கட்டணம் கட்டவோ செய்யாது. இதை முன்பே தெரிந்துகொண்டால், கிடைப்பதைத் தெளிவாகக் கேட்க முடியும். 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தப்படி, உங்கள் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. போலீஸ் நிலையத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

புகார் கொடுப்பதென்றால் மொழிபெயர்ப்பாளர் நடுநிலையானவராக இருக்க வேண்டும். விடுதி மேலாளரும் சுற்றுலா வழிகாட்டியும் அதற்கு ஏற்றவர்கள் இல்லை, அவர்களுக்குத் தங்கள் தொழிலின் பெயர் முக்கியம். உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள். புகாரை ஏற்றதற்கான எழுத்துச் சான்று, வழக்கு எண், விசாரிப்பவரின் பெயர், மின்னஞ்சல் நான்கையும் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள். டென்மார்க் தவிர மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2012ஆம் ஆண்டு வந்த பாதிக்கப்பட்டோர் உரிமை ஆணைப்படி எழுத்துச் சான்றும் மொழி உதவியும் உங்கள் உரிமை. எந்த நாட்டவராக இருந்தாலும் அது பொருந்தும்.

10. வீடு திரும்பிய பிறகு

மருத்துவமனை அறிக்கையின் நகல் இல்லாமல் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். வெளியிலிருந்து வாங்குவது கடினம். பி.இ.பி. மருந்து 28 நாளுக்கும் கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சில இடங்களில் முதல் சில நாளுக்கு மட்டுமே தருவார்கள். மீதியை எங்கே வாங்குவது என்று கிளம்பும் முன் உள்ளூர் டாக்டரைக் கேட்டு வையுங்கள், இடையில் ஒரு நாள் கூட விடக் கூடாது.

எச்.ஐ.வி. பரிசோதனையை உடனடியாக ஒருமுறை செய்து, பிறகு ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் திரும்பச் செய்வது வழக்கம். மாதவிடாய் தள்ளிப்போனால், மாத்திரை எடுத்திருந்தாலும், மூன்று வாரத்தில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.

முதல் வாரங்களில் தூக்கமின்மை, திடுக்கிடுதல், கெட்ட கனவு எல்லாம் வரலாம். ஒரு மாதத்துக்கு மேலும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

அங்கே இருந்தபோது புகார் கொடுக்க முடியாமல் போயிருந்தால் வாய்ப்பு முடிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சில நாடுகள் தூதரகம் வழியாகவோ உங்கள் ஊர்ப் போலீஸ் வழியாகவோ புகாரை ஏற்கும். எவ்வளவு காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், அதை அந்த நாட்டு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.